ஜார்ஜியாவில் ஒரு தண்ணித் தொட்டி

அத்தியாயம் 3

முப்பத்தெட்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தப் பெண் இந்தத் தொகையைச் சொல்லிவிட்டாள். பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. தலையில் பாரத்தோடு வருகிறவர்கள் முதலில் பாரத்தை இறக்குவார்கள், பிறகுதான் தண்ணீர் கேட்பார்கள். அந்த மாதிரி இருந்தது.

மரியராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலை நரைக்கும் வரை மதுரைக் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். "அவர் ஊரில் இல்லீங்க" என்று பெண்டாட்டி வாசலில் பொய் சொல்ல, பின்பக்கம் வைக்கோல் படப்புக்குள் ஒளிந்தவன் கையில் சம்மனைத் திணித்துவிட்டு வந்தவர். ஓய்வு பெற்ற பிறகு சிம்மக்கல்லில் ஒரு வளையல் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் போட்டிருந்தார்.

"லட்சம் புரியுது, ஆயிரம் புரியுது. அந்த ஐந்நூறு எதுக்கும்மா?"

"பால் காய்ச்ச."

"எங்க?"

"ஜார்ஜியாவுல."

மூலை மேஜையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த தமிழ்வாணிக்குப் புரையேறியது. அவள் மரியராஜின் உதவியாள். முன்பு விசா எடுத்துக் கொடுக்கும் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தாள். வந்தவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டதால் அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள்.

வந்தவளின் செல்போன் அடித்தது. எடுத்ததும் குரல் மாறியது.

"சின்னாண்ணே, பேசாதீங்க. ஓனர் தரல, ஓனர் தரலன்னு எத்தன நாளைக்கு? அட்வான்சோட நிக்கிது வாடகை. ரெண்டு நாள்ல வரலேன்னா லாரியோட வந்து என் சாமானை ஏத்திட்டுப் போயிருவேன்." போனை மடியில் வைத்தாள். "மன்னிச்சுக்கங்கண்ணே. தொழில்."

பெயர் பாண்டிச்செல்வி. விளாங்குடியில் சென்ட்ரிங் சாமான் வாடகைக் கடை வைத்திருந்தாள். வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடும்போது அடியில் பரப்புகிற இரும்புத் தகடு, அந்தத் தகட்டைக் கீழிருந்து தாங்குகிற திருகு வைத்த ஜாக்கி, இரண்டும்தான் சரக்கு. எல்லாவற்றிலும் கடை அடையாளமாக ஒரு கிளிப்பச்சைக் கோடு. அப்பா விட்டுப்போன தொழில். ஆள் வராத நாளில் அவளே ஜாக்கியைத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றுவாள். அவள் உள்ளங்கை அதைச் சொன்னது. கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போன வயதில் சித்தார்த் என்பவன் வந்தான். தாம்பூலம் மாற்றினார்கள். பிறகு அவன் ஜார்ஜியா போகிறேன் என்று கிளம்பினான்.

"அங்க சொந்தமா வீடு இருந்தா தங்குறதுக்குக் கார்டு குடுப்பாங்களாம். அந்த வீட்டைக் காட்டித்தான் எனக்கு விசா கேக்கணுமாம். கட்டிக்கப்போறவளுக்கு இடம் இருக்குன்னு காட்டணும்ல? அவன் பேர்லயே வாங்கச் சொல்லிக் குடுத்தேன். ஒரு தடவை திருப்பிட்டாங்கன்னான். ஒரு ரூம் பத்தாதாம். ரெண்டு ரூம் இருந்தாத்தான் குடும்பம்னு ஒத்துக்குவாங்களாம். அந்த ரூமுக்கும் குடுத்தேன்."

"அக்கா, இந்தக் காசுக்கு அங்க கோழிக்கூடுதான் வரும்" என்றாள் தமிழ்வாணி. "கோழியைத் தனியா வாங்கணும்."

"வாணி."

"சரி சார், மூடிட்டேன்."

"காசை எப்படிம்மா அனுப்புன?"

"பேங்க்ல போட்டா வரி புடிப்பான்னான். ஒருத்தன் வருவான், ரொக்கமா எண்ணி வாங்கிட்டுப் போவான். அந்த ஐந்நூறை மட்டும் போன்ல போட்டேன். அதுக்குத்தான் ரெக்கார்டு இருக்கு." அவள் சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "மொத்தச் சரக்கையும் லாரியையும் பைனான்ஸ்ல அடமானம் வச்சிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள கட்டலேன்னா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நான் அடுத்தவன் சைட்டுல சித்தாளா நிக்கணும். அதுகூடப் பரவால்ல. வேலை செஞ்ச ஒடம்பு. ஆனா வெள்ளிக்கிழமை வீடியோவுல கூப்புட்டு, மறுபடியும் விசா ரிஜெக்ட்டு, இனிமே பேசாதன்னுட்டான். சனிக்கிழமை என் நம்பரைத் தடுத்துட்டான்."

"என்ன செய்யணும்ங்கிற?"

"அவன் எங்க இருக்கான்னு சொல்லுங்க. அவன் முன்னாடி நான் போய் நிக்கணும். அவன் கெஞ்சணும். அதை நான் பாக்கணும். காசு ரெண்டாவது."

"காசு ரெண்டாவதுங்கிறவங்கதான் நம்ம பீசையும் மறந்துர்றாங்க" என்று தமிழ்வாணி பஜ்ஜியிடம் சொன்னாள்.

மரியராஜ் எழுந்து ஜன்னலோரம் போனார். கீழே ரோட்டில் மாசி வெயில் கண்ணைக் குத்தியது.

"அந்த வீட்டைப் பத்தி என்னென்ன சொன்னான்? ஒண்ணு விடாமச் சொல்லு."

"நாலாவது மாடி. கிழக்கு வாசல். நான்தான் கேட்டேன், வாஸ்து எப்படின்னு. சமையக்கட்டு அக்னி மூலை, தண்ணித் தொட்டி ஈசானிய மூலை, எல்லாம் பொருத்தமா இருக்கு செல்வி, கவலைப்படாதன்னான். எம்புட்டு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

"தொட்டி எம்புட்டு ஆழமாம்?"

"ஆறடி. எட்டடி தோண்டலாம்னு பாத்தேன், பாறை வந்துருச்சுன்னு..."

அவள் பாதியில் நிறுத்தினாள்.

"நாலாவது மாடியில பாறை" என்றாள் தமிழ்வாணி மெதுவாக. "மூணாவது மாடிக்காரன் பொழப்பு நாறிருக்குமே சார்."

மரியராஜ் திரும்பினார். "பொய் சொல்றவன் எல்லாத்தையும் மறைச்சுருவான். சொந்த வீடு கட்டுறவன் மட்டும் வாஸ்துவை மறைக்க மாட்டான். யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருப்பான். நீ கேட்ட, அவன் கொட்டிட்டான். அந்த வெள்ளிக்கிழமை பேசுன படம் இருக்கா?"

இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பிடித்து வைத்த படம். சித்தார்த் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தான். பின்னால் வெள்ளை வெளேரென்று பனி மூடிய ஒரு தெரு. ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையில் இரட்டைக் கல் மோதிரம்.

"இந்த மோதிரம்?"

"நிச்சயத்துக்கு நான் போட்டது."

"கல்லுக்கு நடுவுல ஏதோ அப்பியிருக்கே."

"நானும் கேட்டேன். பனின்னான்."

"சாம்பல் கலர்லயா பனி பெய்யுது அங்க?" தமிழ்வாணி எட்டிப் பார்த்தாள். "பனியில நிக்கிறவனுக்கு நெத்தியில வேர்வை வேற."

பாண்டிச்செல்வி போனைக் கையில் வாங்கினாள். படத்தைப் பெரிதாக்கினாள். சிமெண்டோடு பிறந்து சிமெண்டோடு வளர்ந்த பெண். அன்றைக்கு ஆசை கண்ணை மறைத்திருந்தது. இப்போது பார்த்தாள்.

"தளம் போட்டிருக்கான்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சொந்த வீட்டுத் தளத்துக்கு முதல் சட்டிக் கலவையை ஓனர் கையாலதான் கொட்டணும். கொட்டிட்டு வந்து என்கிட்டப் பேசியிருக்கான். என் காசுல தளம் போட்டுட்டு, அந்தக் கையோட."

"அவன் சொந்த ஊரு?"

"டி. கல்லுப்பட்டிக்கு அங்கிட்டு. அவங்கம்மா வீடு பூட்டிக் கெடக்கு. நான் போயிப் பாத்துட்டேன்."

"ஜார்ஜியான்னதும் நான் பயந்துட்டேன்" என்றாள் தமிழ்வாணி. "சார் பாத்த தூர தேசமே பாண்டிச்சேரிதான்."

மறுநாள் காலையில் மூன்று பேரும் பாண்டிச்செல்வியின் லாரியிலேயே கிளம்பினார்கள். அவளே ஓட்டினாள். பின்னால் ஏற்றி இறக்க இரண்டு ஆட்களும் வந்தார்கள். எதற்கு ஆட்கள் என்று மரியராஜ் கேட்டதற்கு, "கை வேணும்ல?" என்று மட்டும் சொன்னாள். திருமங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பருத்திக் காடு. தமிழ்வாணி நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"சார், கல்லுப்பட்டியச் சுத்தி எத்தனையோ வீடு கட்டுறாங்க. வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள் வேற. எந்த வீடுன்னு கேப்பீங்க?"

"எந்த வீடுன்னு கேக்கவே போறதில்ல. எந்த வீட்டுல கறிச்சோறு போடலேன்னு கேக்கப் போறேன்."

"அப்படின்னா?"

"தளம் போட்ட அன்னைக்கு வேலை பாத்தவங்களுக்குக் கறிச்சோறு போடுறது வழக்கம். கடன் வாங்கியாவது போடுவான் மனுசன். ஆனா முப்பத்தெட்டு லட்சத்தை முழுங்கிட்டு, பால் காய்ச்ச ஐந்நூறு அனுப்புன்னு கேக்குறவன் போடுவானா?"

பாண்டிச்செல்வி கியரை மாற்றினாள். வண்டி கொஞ்சம் வேகமெடுத்தது.

கல்லுப்பட்டியில் கூலி ஆட்கள் கூடும் டீக்கடை முக்கில் லாரியை நிறுத்தினார்கள். வேலைக்குக் கூப்பிட ஆள் வருமா என்று தூக்குவாளியோடு பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அப்படி நிற்கிறவர்களுக்கு ஒரு பார்வை உண்டு. வருகிறவன் செருப்பைப் பார்த்தே கூலி தருவானா, இழுப்பானா என்று சொல்லிவிடுவார்கள்.

மரியராஜ் டீயை வாங்கிக்கொண்டு பொதுவாகச் சொன்னார். "தளம் போடணும். ஆள் வேணும். ஆனா ஒண்ணு, கறிச்சோறெல்லாம் போட மாட்டேன். தயிர்சாதம்தான்."

கூட்டம் அவரைச் செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"ஏண்ணே, நீங்க அந்தப் பேரையூர் ரோட்டுக்காரனுக்குச் சொந்தமா?" என்று முன்னால் வந்தாள் ஒரு சித்தாள். மாயக்காள் என்று பெயர். வெற்றிலை வாய். "அவனாச்சும் புளிச்சோறு போட்டான். ஊறுகா இல்ல, ஒரு அப்பளம் இல்ல. இடுப்பு ஒடிய ஏணியில சட்டி ஏத்துனோம். கொத்தனாருக்கு ஒரு துண்டு எடுத்துக் குடுக்கல. கூலியிலயும் பாதி பாக்கி. அந்தத் தளம் ஒழுகட்டும்!"

"அடப்பாவி. யாரு அவன்?"

"யாருக்குத் தெரியும். கிறுக்குப் பய. இந்த வெயில்ல ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு உள்ள உக்காந்து போன்ல பேசுறான். கருவேலங்காடு தாண்டுனதும் ரோட்டோரத்துல தனியா நிக்கும் பாருங்க, மாடி வீடு. ஈசானியத்துல தொட்டி தோண்டிப் பாறை வந்துச்சே, அந்த வீடு."

தமிழ்வாணி டீ கிளாஸை வைத்துவிட்டுக் கும்பிட்டாள். "அக்கா, உங்க வாய்க்குச் சக்கரை போடணும்."

"சக்கரை வேணாம். பாக்கிக் கூலியை வாங்கிக் குடு."

"ஏறுங்க வண்டியில" என்றாள் பாண்டிச்செல்வி. மாயக்காளோடு இன்னும் நாலைந்து பேர் லாரியில் பின்பக்கம் ஏறினார்கள்.

வீடு பூசாமல் செங்கல்லாக நின்றது. கீழ்த்தளத்துக்கு மேலே மாடி அறை ஒன்றும் எழும்பியிருந்தது. விசாவுக்காகக் கேட்ட அந்த இரண்டாவது ரூம். அதன் தளத்தின் மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். அடியில் இன்னும் தகடும் ஜாக்கியும் பிரிக்காமல் இருந்தன. பாண்டிச்செல்வியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு மரியராஜும் தமிழ்வாணியும் சத்தமில்லாமல் படியேறினார்கள்.

ஜாக்கிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. சித்தார்த் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தான். பின்னால் செங்கல் சுவரில் ஆளுயரத்துக்குப் பனித்தெரு பேனர் தொங்கியது. கீழே இரண்டு மூலையிலும் காற்றில் பறக்காமல் சிமெண்ட் கட்டியைக் கட்டியிருந்தான். எதிரே போனைச் செங்கல் அடுக்கில் சாய்த்து வைத்துக் குழைந்து பேசிக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் கவலைப்படாதம்மா. சமையக்கட்டு அக்னி மூலையிலதான் இருக்கு. உன் விசாவுக்கு இன்னும் ஒரே ஒரு ரூம்தான் கொறையுது..."

தமிழ்வாணி நேராகப் போய்ப் பேனருக்கு முன்னால் நின்று போனைப் பார்த்துக் கையாட்டினாள்.

"வணக்கம்க்கா. நான் ஜார்ஜியா பஞ்சாயத்துத் தலைவி. இந்த ஊருக்குத் திருமங்கலத்துலருந்து டவுன் பஸ் இருக்கு, வந்து பாத்துக்கங்க. காசு மட்டும் குடுத்துராதீங்க."

அந்தப் பக்கம் ஒரு பெண் "யாத்தீ!" என்று அலறுவது கேட்டது. இணைப்பு அறுந்தது. சித்தார்த் பாய்ந்து எழுந்தான். அதற்குள் வாசலில் பாண்டிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

அவன் முகம் ஒரு கணம் செத்தது. பிறகு, மரியராஜ் கோர்ட்டில் ஆயிரம் முறை பார்த்த அந்தத் தெளிவு அதில் வந்தது. மாட்டிக்கொண்டவன் கணக்குப் போட்டு முடித்த தெளிவு.

"சரி செல்வி. கண்டுபுடிச்சுட்ட. இப்ப என்ன?"

"என் காசு."

"எந்தக் காசு? குடுத்த, வாங்கினேன். இல்லேங்கல. எண்ணிக்கூடப் பாத்தேன், ஒரு நோட்டு கொறையல. நீ நல்லவ. ஆனா சாட்சி யாரு? எழுத்து எங்க? கேஸ் போடு. நீ கெழவியாகுறதுக்குள்ள தீர்ப்பு வரும்." அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். "ரெக்கார்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். ஐந்நூறு. இந்தா, கடன் இல்லாமப் போ."

நோட்டு தரையில் சிமெண்டுத் தூளில் விழுந்தது.

தமிழ்வாணி கையிலிருந்த போனை மெல்லத் திருப்பி மரியராஜிடம் காட்டினாள். அவன் பேசியது முழுக்கப் பதிவாகியிருந்தது. ஆனால் மரியராஜ் உதட்டைப் பிதுக்கினார். கோர்ட்டுக்கு அது போதும். கோர்ட்டு முடிய வருஷமாகும். பைனான்ஸ்காரன் மாசக் கடைசியில் வருவான்.

பாண்டிச்செல்வி குனிந்தாள். நோட்டை எடுத்து, தூசியை ஊதி, முந்தானையில் முடிந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் ஒரு ஜாக்கியின் மேல் நின்றது. அதற்குப் பக்கத்து ஜாக்கி. அதற்கும் பக்கத்து ஜாக்கி. பிறகு மேலே பார்த்தாள்.

எல்லா ஜாக்கிக் கழுத்திலும் கிளிப்பச்சைக் கோடு. எல்லாத் தகட்டு விளிம்பிலும் கிளிப்பச்சைக் கோடு.

"வாணி" என்றாள். சிரித்தாள். மரியராஜுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "கீழ சின்னான் மேஸ்திரின்னு ஒருத்தர் இருப்பாரு. கூப்புடு."

மேஸ்திரி சின்னான் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தார். "வாம்மா. நீ நேர்லயே வந்துட்டியா? இவருதான் ஓனரு. வாடகை தரலேன்னு நான் சொன்னது பொய்யா, நீயே கேட்டுக்க."

சித்தார்த் மேஸ்திரியைப் பார்த்தான், பாண்டிச்செல்வியைப் பார்த்தான். மாதக்கணக்காக இந்த இரும்புக்கு அடியில் உட்கார்ந்துதான் அவளிடம் பனியைப் பற்றிப் பேசியிருக்கிறான். கூலியாட்கள் முகத்தையே பார்க்காதவன், ஜாக்கி எந்தக் கடைச் சரக்கு என்றா பார்க்கப்போகிறான்? கிளம்புவதற்கு முன்பு அவளைப் பார்க்க வந்தபோதெல்லாம் வீட்டு வாசலோடு போனவன். குடோன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சரக்கைச் சின்னானே வந்து எடுத்துப் போனதால் அவளும் இந்த சைட்டைப் பார்த்ததில்லை.

"சின்னாண்ணே, இந்தத் தளம் போட்டு எத்தன நாளு?"

"வெள்ளிக்கிழமை போட்டதும்மா. இன்னும் பச்சையாத்தான் இருக்கு. ரெண்டு வாரமாச்சும் அசைக்கக் கூடாது."

"வாடகை வரல. என் சாமானை நான் எடுத்துக்கிறேன். எல்லாரையும் கீழ எறக்குங்க. மேல தண்ணி ஊத்துற ஆளையும்."

"ஏம்மா! ஜாக்கியப் புடுங்கினா தளம் நொறுங்கிரும்!"

"எறக்குங்கண்ணே."

எல்லோரும் இறங்கினார்கள். சித்தார்த்தும் இறங்கினான். வாசல் மண்ணில் நின்று அண்ணாந்து கத்தினான். "சும்மா மெரட்டாத! நீயும் உள்ளதான் நிக்கிற. விழுந்தா உன் தலையிலதான் விழும்!"

"விழட்டும்!" மாடியிலிருந்து அவள் குரல் வந்தது. "வீடு உன் பேர்ல. நிச்சயம் பண்ணுன பொண்ணு உள்ள. வீடியோ வாணிகிட்ட. நான் செத்தா உன் விசா என்ன விசான்னு ஜெயில்ல கேட்டுச் சொல்லு!"

இரும்புத் திருகு திரும்பும் சத்தம் கேட்டது. க்ரீச். க்ரீச். ஒரு ஜாக்கி தரையில் சாய்ந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. மேலே பாத்தித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து சுவரோரம் வழிந்தது.

மரியராஜ் வாழ்நாளில் பல ஜப்தி பார்த்தவர். பீரோ தூக்கியிருக்கிறார், மாடு அவிழ்த்திருக்கிறார். வீட்டையே சாய்க்கிற ஜப்தி இதுதான் முதல் தடவை. "தங்கச்சி, வேணாம்! எறங்கி வா!" என்று கத்தினார். பதிலுக்கு மூன்றாவது ஜாக்கி விழுந்தது. தளத்தில் எங்கேயோ பட்டென்று ஒரு சத்தம்.

மாயக்காள் வெற்றிலையைத் துப்பினாள். "எம்மா, நடு ஜாக்கியத் தொட்டுறாத" என்று அவள் சொன்ன தோரணையில்தான் சித்தார்த்துக்கு உயிர் போனது.

அவன் மண்டி போட்டான். ஸ்வெட்டரோடு, கொதிக்கிற மண்ணில்.

"செல்வி! நிறுத்து செல்வி! காசைச் செலவழிச்சுட்டேன். எல்லாம் இந்த வீடுதான். இது போனா ஒண்ணுமே இல்ல. உன் காலப் புடிக்கிறேன்!"

திருகுச் சத்தம் நின்றது. பாண்டிச்செல்வி ஜன்னல் வைக்காத ஓட்டையில் முகத்தைக் காட்டினாள். முகமெல்லாம் சிமெண்டுத் தூள். கண் மட்டும் தெரிந்தது.

"இன்னொரு தடவை சொல்லு. சத்தமா."

சொன்னான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"எடம் யாரு பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"பெத்த தாயைக்கூட நம்பல நீ. நல்லது. நாளைக்குப் பத்திர ஆபீஸ்ல எடமும் வீடும் எனக்குக் கிரயம். முத்திரைத்தாள் செலவு உன்னோடது. இவங்க பாக்கிக் கூலியும் உன்னோடது. அதுவரைக்கும் ஜாக்கி நிக்கும். கையெழுத்து விழலேன்னா நடு ஜாக்கி."

அன்றைக்கு லாரி அந்த வாசலைவிட்டு நகரவில்லை. விழுந்த மூன்று ஜாக்கிகளையும் சின்னான் மேஸ்திரி பழையபடி நிறுத்தித் திருகினார். ஓரத்தில் ஒரு கோடு மட்டும் விரிசல் விட்டிருந்தது. பூசினால் சரியாகிவிடும் என்றார். பூச வேண்டாம், இருக்கட்டும் என்றாள் பாண்டிச்செல்வி.

மறுநாள் பத்திர ஆபீஸில், "முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்குறீங்களா?" என்று அதிகாரி கேட்டார். சித்தார்த் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே தமிழ்வாணி போனைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் மாயக்காள் ஒரு ஜாக்கியைச் செங்கோல் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முழுச் சம்மதம் சார்."

கிரயத் தொகை முப்பத்தெட்டு லட்சத்து நாற்பத்தோராயிரம், முன்பே ரொக்கமாகப் பெற்றுக்கொண்டது என்று எழுதியிருந்தது. பத்திரத்தின் படத்தைப் போனில் பார்த்ததுமே பைனான்ஸ்காரன் குழைந்தான். அதன் பேரில் கடனை மாற்றிக்கொள்ளலாம், சரக்கும் லாரியும் உங்களிடமே இருக்கட்டும் என்றான்.

"ஐந்நூறு எழுதாம விட்டுட்டீங்களே" என்றார் மரியராஜ்.

"அதைத்தான் நேத்தே தந்துட்டானே." அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டைத் தமிழ்வாணியிடம் கொடுத்தாள். "பாலு, தேங்கா, சூடம். மிச்சத்துக்குப் பூ."

மத்தியானம் அந்தப் பூசாத வீட்டு வாசலில் கறிச்சோறு வெந்தது. பாண்டிச்செல்வி கடன் சொல்லி வாங்கிய ஆட்டுக்கறி. தளம் போட்ட ஆட்கள் எல்லோரும் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்னி மூலையில் மூன்று செங்கல்லைக் கூட்டி, மேலே புதுப் பானை வைத்தாயிற்று.

"யாரு காய்ச்சுறது?" என்றார் சின்னான் மேஸ்திரி.

"காசு வாங்குனவன்தான் காய்ச்சணும்" என்றாள் பாண்டிச்செல்வி. "ஸ்வெட்டரப் போடுடா."

சித்தார்த் போட்டான். குனிந்து அடுப்பை ஊதினான். ஈர விறகு. புகை கண்ணில் ஏறியது. கம்பளிக்குள் வேர்வை ஆறாக ஓடியது. மாயக்காள் எலும்பைக் கடித்துக்கொண்டே, "நல்லா ஊது மாப்ள, ஜார்ஜியாவுல பனி கொட்டுது" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது.

தமிழ்வாணி மரியராஜின் காதில் கேட்டாள். "சார், அவங்க நெசமாவே நடு ஜாக்கியத் தொட்டிருப்பாங்களா?"

பாண்டிச்செல்விக்குக் கேட்டுவிட்டது. இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தொட்டுட்டேன் வாணி. ஒரு சுத்து திருகிட்டேன். அவன் மண்டி போடப் பிந்தியிருந்தா ரெண்டாவது சுத்து."

பால் நுரைத்து எழுந்தது. பானை விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பாண்டிச்செல்வி எழுந்து கையைக் கழுவினாள். சித்தார்த்தின் விரலிலிருந்து இரட்டைக் கல் மோதிரத்தைக் கழற்றினாள். கல்லுக்கு நடுவில் காய்ந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டி அடுப்பில் போட்டாள்.

"சரியாப் போச்சு" என்றாள். "இனி நீ ஜார்ஜியா போகலாம்."